‘பெய்யும்’ என்னும் சொல்: பொய்த்த பருவத்துக்குப் பின் ஒரு கணிப்பின் வரலாறு

செப்டம்பர் மாத இறுதியில் ஹைதராபாத்தின் ஈரானித் தேநீர்க் கடைகளில் அதிகம் கேட்கும் சொற்களுள் ஒன்று ‘மௌசம்’. தக்கனி உருது பேசுவோர் அதை வானிலை என்ற பொருளிலும் பருவகாலம் என்ற பொருளிலும் வழங்குகின்றனர். பருவத்தைக் குறிக்கும் ‘மவ்சிம்’ என்ற அரபுச் சொல்லே அதன் மூலம். அச்சொல்லே கடல் வணிகர் வழியாகப் போர்த்துகீசியத்துக்குச் சென்று, பின்னர் ஆங்கிலத்தில் ‘மான்சூன்’ ஆயிற்று. நிலவழியாகப் பாரசீகத்தின் துணையுடன் தக்காணத்துக்கு வந்தபோது வானிலையாகவும், கடல்வழியாக ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பியபோது மழை தரும் காற்றாகவும் அது பொருள் கொண்டது.

தென்மேற்குப் பருவமழை ஏமாற்றிய ஆண்டுகளில் இதே வாரங்களில் தமிழகத்தில் வேறொரு கேள்வி எழும்: ‘ஐப்பசியாவது கைகொடுக்குமா?’ சோழ மண்டலத்து உழவருக்கு இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சன்று. குறுவைக்கு வேண்டிய மேட்டூர் நீர், குடகுமலையில் பெய்யும் தென்மேற்கு மழையைச் சார்ந்தது. சம்பாவும் தாளடியும் பெரும்பாலும் வடகிழக்கு மழையை நம்பியவை. முதற்பருவம் பொய்த்தால் கடனும் விதைநெல்லும் இரண்டாம் பருவத்தின் மேல் வைக்கப்படும். ‘ஒன்று தவறினால் மற்றொன்று ஈடுகட்டும்’ என்ற நம்பிக்கை அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் பஞ்சமும் இருக்கிறது, கணிதமும் இருக்கிறது.

வரலாற்றுக்குள் போவதற்கு முன் ஓர் இலக்கணக் குறிப்பு. ‘ஐப்பசியில் மழை பெய்யும்’ என்றால் வழக்கமாகப் பெய்வது என்று பொருள். ‘நாளை மழை பெய்யும்’ என்றால் இனி நிகழப்போவது என்று பொருள். இரண்டுக்கும் தமிழில் ஒரே வினைமுற்று. மலை நிற்பது, ஞாயிறு இயங்குவது போன்ற முக்காலத்துக்கும் பொதுவான இயல்புகளையும் நம் மொழி இதே வடிவத்தால் சொல்கிறது. இன்றைய அறிவியலில் முதல் வாக்கியம் காலநிலையியலைச் சேர்ந்தது. இரண்டாவது வானிலைக் கணிப்பைச் சேர்ந்தது. வழக்கத்தை எதிர்காலமாகப் படித்துவிடும் இடர் ‘பெய்யும்’ என்ற ஒரே சொல்லுக்குள் எப்போதும் காத்திருக்கிறது. 1876ஆம் ஆண்டின் கதை அந்த இடரின் கதைதான்.

அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை தக்காணத்திலும் சென்னை மாகாணத்தின் பெரும் பகுதியிலும் குறைந்தது. அக்டோபரில் தொடங்கும் மழை நிலைமையைச் சீராக்கும் என்று மக்கள் எதிர்பார்த்தனர், வழக்கம் அதுதான். ஆனால் வடகிழக்குப் பருவமும் பொய்த்தது. தானிய விலை ஏறியது. கூலிக்காரரும் சிறு உழவரும் முதலில் வீழ்ந்தனர். 1878 வரை நீண்ட அப்பஞ்சத்தில் இறந்தோர் தொகை, குறைந்த மதிப்பீட்டின்படியே, 50 இலட்சத்தைத் தாண்டும். பஞ்சப் பணிகளை மேற்பார்வையிட 1877இன் தொடக்கத்தில் அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோரின் நாள்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் என்ற அளவுக்குக் குறைத்தார். உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். தானிய ஏற்றுமதியோ தடையின்றி நடந்தது. மழை பொய்த்தது வானத்தின் செயல். அது பஞ்சமாக முற்றியதில் ஆட்சிக் கொள்கைக்கும் பெரும்பங்கு இருந்தது.

இதன் பின்னர் எழுந்த அறிவுலக விவாதத்தைக் கவனிக்க வேண்டும். சென்னை வானாய்வகம் 1813 முதல் மழையளவைப் பதிவு செய்துவந்தது. அப்பதிவுகளைக் கொண்டு வில்லியம் வில்சன் ஹண்டர் 1877இல் ஒரு கருத்தை முன்வைத்தார். சூரியனின் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறைகின்றன. அவை குறையும் காலத்தில் சென்னையின் மழையும் குறைகிறது. ஆகவே தென்னிந்தியப் பஞ்சம் ஒரு சுழற்சி நிகழ்வு என்பது அவர் வாதம். வானியலறிஞர் நார்மன் லாக்யரும் அவருடன் சேர்ந்து எழுதினார். இத்தொடர்பு பின்வந்த தரவுகளால் உறுதிப்படவில்லை. ஆனால் பஞ்சத்தின் பொறுப்பைச் சூரியனுக்கு மாற்றித்தந்த அளவில், ஆள்வோருக்கு அது வசதியான கோட்பாடாகவும் இருந்தது.

1875இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு வேறு தடயத்தைத் தேடினார். இமயமலையில் குளிர்காலப் பனி மிகுதியாகப் பெய்து நெடுநாள் உருகாமல் கிடந்தால், அடுத்த கோடைமுடிவில் வறண்ட காற்று வீசிப் பருவமழை குறைகிறது என்று 1884இல் எழுதினார். சில ஆண்டுகள் சோதனையாகக் கணித்துப் பார்த்தபின், 1886ஆம் ஆண்டு ஜூன் மாதம் நீண்டகாலக் கணிப்பு முறையாக வெளியிடப்பட்டது.

முன்னரே தோன்றும் ஓர் அறிகுறியைக் கொண்டு பின்வரும் மழையைச் சொல்வது இந்நாட்டுக்குப் புதிதன்று. வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை, மேகம் கருக்கொண்ட 195ஆம் நாளில் மழை பிறக்கும் என்று வகுக்கிறது. தமிழகத்துப் பஞ்சாங்க மரபில் இதற்குக் ‘கர்ப்போட்டம்’ என்று பெயர். மார்கழியில் ஞாயிறு பூராட நட்சத்திரத்தைக் கடக்கும் நாள்களில் மேகம் ஓடும் போக்கைப் பார்த்து, வரும் ஆண்டின் மழையைக் கணிப்பர். தெலுங்கு உழவர் ஞாயிறு நிற்கும் நட்சத்திரத்தைக் கொண்டு ஆண்டையே ‘கார்த்தெ’களாகப் பகுத்து விதைப்பை முறைப்படுத்துகின்றனர். மார்கழி மேகத்துக்கும் இமயத்துப் பனிக்கும் இடையே தருக்க அமைப்பில் வேறுபாடு குறைவு. இரண்டும் ஆறு மாத இடைவெளி விட்டு ஓர் அறிகுறியைப் படிக்கின்றன. பிளான்ஃபோர்டின் முறையில் புதியது ஒன்றுண்டு. கணிப்பு எழுத்தில் பதிவாகிறது. தவறினால் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது.

1899இல் அது நிகழ்ந்தது. பிளான்ஃபோர்டுக்குப் பின் வந்த ஜான் எலியட் பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்து விரிவான கணிப்புகளை எழுதிவந்தார். அவ்வாண்டு மழை குறையாது என்ற அவரது எதிர்பார்ப்புக்கு மாறாகக் கடும் வறட்சி நேர்ந்தது. மேற்கு, மத்திய இந்தியாவுடன் நிஜாம் ஆட்சிப் பகுதியும் பஞ்சத்தில் சிக்கியது. இராஜஸ்தான் மக்கள் விக்கிரம ஆண்டு 1956ஐ வைத்து அதனை ‘சப்பனியா’ பஞ்சம் என்று இன்றும் குறிப்பிடுகின்றனர். கண்டனங்கள் எழுந்ததை அடுத்து, சில ஆண்டுகள் கணிப்பு பொதுமக்களுக்கு வெளியிடப்படாமல் அரசின் உள்சுற்றுக்குள் வைக்கப்பட்டது. தவறியதை ஒப்புக்கொண்டு முறையைத் திருத்துவது கடினம்; மறைத்துவைப்பது எளிது.

1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜ் கணிதர். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜனின் குறிப்புகளை 1913 பிப்ரவரியில் பார்த்துவிட்டு, அவருக்கு உதவுமாறு சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியவர் என்ற வகையில் தமிழர்க்கு அவர் அறிமுகமானவர். மழையின் வரலாற்றில் அவர் பங்கு அதனினும் பெரிது. உலகெங்கும் பதிவான காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒட்டுறவுக் கெழுக்களை எண்ணற்ற அளவில் கணக்கிடச் செய்தார். கணினி இல்லாத அக்காலத்தில் அவற்றைக் கையால் கணக்கிட்டவர்கள் இந்திய எழுத்தர்களே. பசிபிக் பெருங்கடலில் அழுத்தம் கூடும்போது இந்தியப் பெருங்கடலில் குறைவதும், அங்குக் குறையும்போது இங்குக் கூடுவதுமான ஊசலாட்டம் அக்கணக்குகளிலிருந்து வெளிப்பட்டது. அதற்குத் ‘தென் அலைவு’ என்று அவர் பெயரிட்டார். அது எல் நினோ எனும் கடல் வெப்ப நிகழ்வின் வளிமண்டல முகம் என்பதை 1969இல் ஜேக்கப் பியர்க்னெஸ் விளக்கி, வாக்கரின் பெயரையே அக்காற்றுச் சுழற்சிக்குச் சூட்டினார். அதைக் காண வாக்கர் இல்லை, 1958இலேயே மறைந்துவிட்டார்.

இவ்விடத்தில் ஒரு நகைமுரண் உண்டு. வாக்கர் தேடியது ஜூன் மாதத்துக்கு முன்பே பருவமழையைச் சொல்லிவிடும் அறிகுறியை. ஆனால் தென் அலைவின் தொடர்பு பருவத்துக்கு முந்திய மாதங்களைவிடப் பிந்திய மாதங்களோடுதான் வலுவாக அமைந்தது. அவருக்குப் பின் துறைத் தலைவராக இருந்த சார்லஸ் நார்மண்டு 1953இல் இதனைத் தெளிவாக எடுத்துரைத்தார். இந்தியப் பருவமழை முன்கூட்டிக் கணிப்பதற்கு அரியது; ஆனால் பின்வரும் காலத்தைப் பற்றி மற்றவர்க்குச் செய்தி சொல்லவல்லது என்பது அவர் கருத்தின் சாரம். ஆக, ஏமாற்றிய பருவத்தைப் பார்த்துவிட்டு ‘அடுத்து என்ன?’ என்று கேட்கும் தேநீர்க்கடைப் பேச்சுக்கு அறிவியல் அடிப்படை ஓரளவு இருக்கிறது. எல் நினோ ஆண்டில் தென்மேற்குப் பருவம் தளர்வதும், அதே ஆண்டின் வடகிழக்குப் பருவம் தமிழகக் கரையில் வலுப்பதும் பல முறை காணப்பட்ட போக்குதான்.

ஆனால் போக்கு என்பது வாக்குறுதியன்று. அண்மைக்கால ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். 2009இல் நாடு முழுமைக்குமான தென்மேற்கு மழை 22 விழுக்காடு குறைந்தது. அந்த வறட்சி ஆண்டில்தான், பருவம் முடிந்த ஓரிரு நாள்களில், அக்டோபர் 2 அன்று கர்நூல் நகரம் துங்கபத்திரையின் வெள்ளத்தில் மூழ்கியது. ஸ்ரீசைலம் அணை, வடிவமைக்கப்பட்ட அளவுக்கும் மிகுந்த நீர்வரத்தைச் சந்தித்தது. 2015இல் தென்மேற்கு 14 விழுக்காடு குறைய, டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்து சென்னை மூழ்கியது. எல் நினோ ஓய்ந்த 2016இல் தமிழகத்தின் வடகிழக்கு மழை 62 விழுக்காடு குறைந்து, மறு ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இவ்வளவும் விதிக்குப் பொருந்துவனபோலத் தோன்றும். ஆனால் எல் நினோவுக்கு எதிர்நிலையான லா நினா நிலவிய 2021இலும் வடகிழக்கு மழை இயல்பைவிட 59 விழுக்காடு மிகுந்தது. 1876இல் இரு பருவங்களுமே பொய்த்தன. மேலும், ஈடுகட்டும் மழை எந்த வடிவில் வருகிறது என்பதும் முக்கியம். நான்கு மாதக் குறையை ஒரே இரவில் கொட்டித் தீர்க்கும் மழை, கணக்கேட்டில் ஈடாகலாம். வயலில் அது இன்னொரு இழப்பு.

எனவே கேள்வியையே மாற்றிக் கேட்டவர்களை நினைவுகூர வேண்டும். 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு ஹைதராபாத்தை அழித்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்திலுள்ள புளியமரத்தில் ஏறி ஏறத்தாழ 150 பேர் உயிர் பிழைத்ததாகக் கூறுவர். மறு ஆண்டு நிஜாம் அரசின் அழைப்பில் வந்த விசுவேசுவரய்யா, நகருக்கு மேலே வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தும் நீர்த்தேக்கங்களைப் பரிந்துரைத்தார். உஸ்மான் சாகர் 1920இலும் ஹிமாயத் சாகர் 1927இலும் நிறைவுற்றன. மிகுந்தால் நகரைக் காக்கவும், குறைந்தால் குடிநீர் தரவும் அவை பயன்பட்டன. மழை எவ்வளவு வரும் என்பது தெரியாது என்ற உண்மையையே அடித்தளமாகக் கொண்டு கட்டப்பட்டவை அவை. தமிழகத்தின் ஏரிகளும் தெலங்கானாவின் சங்கிலித்தொடர்க் குளங்களும் அதே சிந்தனையின் பழைய வடிவங்கள். அந்த ஏரிகளின் வரத்துக்கால்களில் வீடுகளைக் கட்டிவிட்டு, மழை கூடினாலும் குறைந்தாலும் வானிலைத் துறையைக் குறைசொல்கிறோம். கரும்புள்ளிக் கோட்பாட்டுக்கும் இதற்கும் இடையே தொலைவு அதிகமில்லை.

கணிப்பு வேண்டாம் என்பது என் வாதமன்று. வாக்கரின் காலத்தைவிட இன்று நாம் எவ்வளவோ அறிவோம். அந்த அறிவு உழவர் கைக்கு அவர் மொழியில் போய்ச்சேர வேண்டும். அப்போது ஒரு மொழியியல் மாணவனாக நான் வேண்டுவது இவ்வளவே: வழக்கத்தைக் குறிக்கும் ‘பெய்யும்’ எது, எதிர்பார்ப்பைக் குறிக்கும் ‘பெய்யும்’ எது என்பதைக் கேட்பவர் பிரித்தறியுமாறு எழுதுவோம். ‘பெய்யக்கூடும்’, ‘பெய்ய வாய்ப்பு மிகுதி’, ‘பத்து ஆண்டுகளில் ஆறில் பெய்திருக்கிறது’ என்று சொல்வதற்கு நம் மொழியில் இடமுண்டு. விதைநெல்லைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று.

உங்கள் ஊரில் மழைக்குறி பார்க்க வழங்கும் சொற்களும் முறைகளும் நினைவிருந்தால், ஊர்ப் பெயருடன் இப்பதிவின் கீழ் எழுதுங்கள். கர்ப்போட்டம் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டறிந்து எழுதினால் மிக்க மகிழ்ச்சி.