காணொளித் தரவேற்றமும் படத்தெளிவும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்வெட்டையும் ஏட்டுச்சுவடியையும் ஆராயப் புகுவோர் அவற்றின் எழுத்துத் தெளிவையும் சிதைவையும் முதற்கண் நோக்குவர். இருபத்தோராம் நூற்றாண்டின் சமூக வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகிவிட்ட காணொளிக்கும் இவ்விதி பொருந்தும். படம் பிடித்த கருவியின் தரமே காணொளியின் தரத்தைத் தீர்மானிக்கின்றது என்பது பொதுவான எண்ணமாகும். ஆயின், இணையப் பகிர்வுத்தளங்களின் ஏறத்தாழ இருபதாண்டுக்கால வரலாறு இவ்வெண்ணத்தை முற்றாக உறுதிப்படுத்தவில்லை. தரவேற்றத்துக்கு முன்னர் மூலப்பிரதி எவ்வாறு கையாளப்பட்டது என்பதும் அதே அளவுக்கு முக்கியமானதாக இருந்து வந்துள்ளது.

காணொளி ஏன் சுருக்கப்படவேண்டும் என்ற வினா இங்கு எழுகின்றது. 1920 × 1080 அளவுடைய ஒரு சட்டகத்தில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட படப்புள்ளிகள் உள. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் 24 பிற்றுகளாற் குறித்து, செக்கனுக்கு 25 சட்டகங்கள் வீதம் அனுப்புவதாயின், ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 124 கோடி பிற்றுகள் தேவைப்படும். சாதாரண இணைய இணைப்பு இதனைத் தாங்காது. இச்சிக்கலைத் தீர்க்கும் கணிதம் இணையம் பரவுவதற்கு நெடுங்காலம் முன்னரே உருவாகியிருந்தது. நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974இல் வெளியிட்ட பின்னகக் கோசைன் உருமாற்றம், கண் எளிதில் உணராத நுண்விபரங்களைப் பிரித்தறிந்து கைவிட வழிவகுத்தது. 1988இல் உருவான எச். 261 என்னும் நியமம் இம்முறையைக் காணொளி உரையாடலுக்குப் பயன்படுத்தியது. 2003இல் வந்த எச். 264 அதனை மேலும் செம்மைப்படுத்தியது. படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்தல், அடுத்தடுத்த சட்டகங்களில் மாறிய பகுதிகளை மட்டும் குறித்தல் என்பன இவற்றின் அடிப்படை உபாயங்களாகும். எனவே, இங்கு சுருக்கம் என்பது இழப்பையும் உள்ளடக்கியதே. எதனை இழக்கலாம் என்ற தேர்விலேயே தெளிவு தங்கியுள்ளது.

2004 டிசம்பரில் இலங்கை உட்பட இந்துசமுத்திரக் கரையோர நாடுகளைத் தாக்கிய ஆழிப்பேரலையைப் பலர் தம் கைக்கருவிகளாற் பதிவுசெய்தனர். அப்பதிவுகளை இணையத்திற் கண்டெடுத்தல் அரிதாயிருந்தமையும் யூரியூப் தளத்தின் தோற்றத்துக்கு ஒரு தூண்டுதலாயிற்று என அதன் நிறுவுநர் மூவருள் ஒருவரான ஜாவேத் கரீம் பின்னர் கூறியுள்ளார். 2005 ஏப்ரில் 23ஆந் திகதி, சான் டியேகோ விலங்குக்காட்சிச்சாலையில் எடுக்கப்பட்ட 19 செக்கன் காணொளி அத்தளத்தில் முதன்முதலாக ஏற்றப்பட்டது. 2006 ஒக்ரோபரில் கூகிள் நிறுவனம் 165 கோடி அமெரிக்க டொலர் பெறுமதிக்கு அத்தளத்தை வாங்குவதாக அறிவித்தது.

இத்தொடக்க காலத்தில் யூரியூப் படங்களை 320 × 240 என்ற அளவிலேயே காட்டியது. ஏற்றப்படும் கோப்பு 100 மெகாபைற்றுக்கு மேற்படலாகாது. 2006 மார்ச்சில் பத்து நிமிட எல்லையும் விதிக்கப்பட்டது. ஆகவே, காணொளியை முன்கூட்டியே 320 × 240 அளவுக்குக் குறைத்து ஏற்றுமாறு தளமே அறிவுறுத்தியது. அன்றைய நிலைமையில் அவ்வறிவுரை நியாயமானதே. இணைப்பு மெதுவாகவும் செலவுமிக்கதாகவும் இருந்தவிடத்து அது பெரிதும் வரவேற்கவுங்பட்டது.

எனினும், நிலைமை விரைந்து மாறியது. 2007இல் விமியோ என்னும் தளம் 1280 × 720 அளவுடைய காணொளியை ஏற்கத் தொடங்கியது. யூரியூப் 2008இன் இறுதியில் அதே அளவையும், 2009 நவம்பரில் 1920 × 1080 அளவையும், 2010இல் அதனினும் உயர்ந்த 4கே அளவையும் ஏற்றது. 2005ஆம் ஆண்டின் சட்டகத்தோடு ஒப்பிடின் 2009ஆம் ஆண்டின் சட்டகத்தில் 27 மடங்கு படப்புள்ளிகள் இருந்தன. ஐந்தாண்டுகளுக்குள் நிகழ்ந்த இம்மாற்றத்தால் முந்திய அறிவுரை பயனற்றதாயிற்று. மூலப்பிரதியைப் பேணியவர் அதனை மீண்டும் ஏற்றி உயர்ந்த தெளிவைப் பெற முடிந்தது. குறைத்த பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்தவர்க்கு அவ்வாய்ப்பு இல்லாது போயிற்று. நுட்பக் குறைபாட்டினால் அன்றி, ஓர் அறிவுரையை முழுமையாகக் கடைப்பிடித்தமையால் ஏற்பட்ட இழப்பு இதுவாகும்.

இவ்விடத்து ஏடு பெயர்த்தெழுதிய மரபு ஒப்புநோக்கற்பாலது. பெயர்த்தெழுதுந்தோறும் பிழைகளும் பாடபேதங்களும் பெருகின. அதனாலேயே சி. வை. தாமோதரம்பிள்ளை முதலிய பதிப்பாசிரியர் பல பிரதிகளைத் தேடி ஒப்பிடவேண்டியவராயினர். காணொளியும் அத்தகையதே. தளம் தான் பெற்ற கோப்பை அப்படியே காட்டுவதில்லை. தன் தேவைக்கேற்பப் பல அளவுகளில் மீண்டும் குறியாக்கஞ் செய்கின்றது. ஏற்கெனவே மிகையாகச் சுருக்கப்பட்ட கோப்பை மறுபடி சுருக்கும்போது முதற் சுருக்கத்தின் கறைகளும் படத்தின் பகுதியாகவே கொள்ளப்படுகின்றன. கடலலை, மழை, சனக்கூட்டம், இரவுக்காட்சி ஆகியவற்றிற் சதுரச் சதுரமாகத் தோன்றும் சிதைவு பெரும்பாலும் இவ்வாறு விளைந்ததாகும். ஏட்டுக்காவது ஒப்பிடப் பிற பிரதிகள் கிடைக்கலாம். ஒரே ஒருவர் எடுத்த காணொளிக்கு அவ்வாய்ப்பும் இல்லை.

இவ்வரலாற்றின் ஒளியில் நோக்கின் இன்றைய நடைமுறைகளின் காரணம் தெளிவாகும். ஒளிப்பதிவுக் கருவியிலிருந்து பெற்ற கோப்பு, தொகுத்தபின் ஒருமுறை மட்டுமே குறியாக்கஞ் செய்யப்படல் வேண்டும். குறுஞ்செய்திச் செயலி வழியாக வந்த பிரதி முன்னரே சுருக்கப்பட்டதாயிருத்தல் கூடுமாதலால், அதனை மூலமாகக் கொள்ளல் தகாது. படம்பிடித்தபோது இருந்த சட்டக வீதத்தை மாற்றாதிருத்தல் நன்று. பழைய வீடியோ நாடாக்களில் ஒற்றைவரிகளும் இரட்டைவரிகளும் மாறிமாறிப் பதிவாகியிருப்பதால், அவற்றை முறையாக இணைக்காது ஏற்றின் அசையும் உருவங்களின் விளிம்பு சீப்புப் பற்கள்போற் காட்சிதரும். 1920 × 1080 அளவில் செக்கனுக்கு 24 முதல் 30 வரையான சட்டகங்கள் கொண்ட காணொளிக்குச் செக்கனுக்கு 80 இலட்சம் பிற்றுகளை யூரியூப் பரிந்துரைக்கின்றது. மேலே கணித்த 124 கோடியோடு ஒப்பிடின் இது ஏறத்தாழ நூற்றைம்பத்தைந்தில் ஒரு பங்கே. நன்றெனக் கருதப்படும் பிரதியுங்கூட எத்துணை சுருக்கப்பட்டது என்பது இதனாற் புலனாகும்.

தளங்கள் காட்டும் தெளிவு நிலையானதுமன்று. 2020 மார்ச்சில், கொவிட் நோய்ப்பரவலால் இணைய நெரிசல் ஏற்படுமென அஞ்சப்பட்டபோது, யூரியூப் தன் காணொளிகளை இயல்பாகக் குறைந்த தெளிவிற் காட்டத் தொடங்கியது. மறுபுறம், 2013இல் நிறைவுற்ற விபி9, 2018இல் வெளியிடப்பட்ட ஏவி1 போன்ற குறியாக்க முறைகள் குறைந்த பிற்றுகளில் கூடிய தெளிவைத் தர வல்லன. ஆயினும், எப்புதிய முறையும் மூலத்தில் இல்லாத விபரத்தை மீட்டுத் தரமாட்டாது.

ஆகவே, பகிர்வுத்தளத்திற் காணப்படுவதை ஆவணத்தின் ஒரு பிரதியாக மட்டுமே கொள்ளல் பொருத்தமாகும். சடங்குகள், கலைநிகழ்வுகள், முதியோர் வாய்மொழிகள், அனர்த்தங்கள் ஆகியவற்றைப் பதிவுசெய்வோர், சிறந்த பிரதியைத் தளத்துக்கு அளிப்பதோடு மூலக்கோப்பை வேறிடத்திற் பேணுதலும் இன்றியமையாததாகும்.