ரயில் நேரத்துக்குள் ஒரு தந்தைமை: பங்காருபேட்டைத் தடத்தில் டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளின் அப்பாக்கள்

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு கோலார் தங்கவயலின் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்கு மாரிக்குப்பம் – பங்காருபேட்டை – பெங்களூர் ரயில்தான் பிழைப்பு. விடியுமுன் ஏறுகிற அப்பா, பிள்ளை தூங்கும் நேரத்தில் வீடு திரும்புகிறார். இவ்வட்டாரத்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் வாழ்க்கையில் தந்தைக்குள்ள இடத்தை ஆராய முற்படுகிறவர் இந்த ரயில் நேரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

குழந்தை வளர்ச்சியில் தந்தையர் மறக்கப்பட்ட பங்களிப்பாளர்கள் என்று மைக்கேல் லாம்ப் 1975-இல் எழுதினார். அதன் பிறகும் டவுன் சிண்ட்ரோம் ஆய்வுகளில் கேள்விப் பட்டியல் பெரும்பாலும் தாயின் கைக்கே போனது. விதிவிலக்காக, இங்கிலாந்துத் தந்தையரிடம் நேரில் கேட்டறிந்தவற்றைக் கேரி ஹார்ன்பி 1995-இல் வெளியிட்டார். ரிச்சியும் ஹோடாப்பும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. வேறு வகை அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் தந்தையரைவிட, டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் தந்தையர் பிள்ளை சார்ந்த மனஅழுத்தத்தைக் குறைவாகவே உணர்ந்தார்கள். ஆனால் வளர்ப்பில் பங்கெடுத்த அளவில் இரு தரப்பாரும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தார்கள். பிள்ளை இனிமையாகப் பழகுகிறது என்பதற்காக அப்பா கூடுதலாக வளர்ப்பில் இறங்கிவிடுவதில்லை. அப்படியானால் அவருடைய பங்கை எது தீர்மானிக்கிறது? வேலை என்பேன்.

சுரங்கம் ஓடிய நாள்களை அழகுபடுத்த எனக்கு மனமில்லை. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. பாறைத் தூசு எத்தனையோ நுரையீரல்களைத் தின்றது. ஆனாலும் இரவு ஷிப்டு முடித்து வந்த அப்பா பகலில் லைன் வீட்டில் இருந்தார். நிறுவனத்தின் மருத்துவமனைக் கதவு பிள்ளைக்குத் திறந்ததும் அவர் தொழிலாளி என்பதால்தான். மூடலின்போது கூலியோடு சேர்ந்து அந்தக் கதவும் போயிற்று. தந்தை என்ற நிலைக்குப் பின்னால் நின்ற ஒரு நிறுவனம் கலைந்தது என்றே இதைப் படிக்க வேண்டும். தங்கவயலிலுள்ள பொதுத்துறை நிறுவனமான பெமல் தொழிற்சாலையில் நிரந்தர வேலையில் இருக்கும் ஒருவரையும், பெங்களூரில் ஒப்பந்தக் காவலாளியாக நிற்கும் அவருடைய அண்டை வீட்டுக்காரரையும் ஒரே கேள்விப் பட்டியலால் அளந்து, ஒருவரை அக்கறையுள்ளவர், மற்றவரை அக்கறையற்றவர் என்று எழுதினால் அது பிழையான ஆய்வு.

அதே ரயில் உயிர் காக்கும் வழியாகவும் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோமோடு பிறப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறைபாடு உண்டு. இதய அறுவைச் சிகிச்சையை இலவசமாகச் செய்யும் சத்ய சாயி உயர் சிறப்பு மருத்துவமனை, சுரங்கம் மூடப்பட்ட அதே 2001-இல் இந்தத் தடத்திலுள்ள ஒயிட்பீல்டில் திறக்கப்பட்டது. எந்த வண்டி எங்கே நிற்கும், எந்த வரிசையில் எந்தச் சீட்டைக் காட்ட வேண்டும் என்ற அறிவு அன்றாடம் போய்வரும் அப்பாவிடம் இருக்கிறது. குளிப்பாட்டுதலையும் சோறூட்டுதலையும் மட்டும் எண்ணும் அளவுகோல்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இதைச் சொல்வதால் ஆண்களுக்குச் சாக்குத் தேடித் தருவதாகக் கொள்ள வேண்டாம். ரயில் நேரம் எதுவும் தடுக்காத ஒரு கடமை இருக்கிறது. அதில் தவறுகிறவர்கள் ஏராளம். குழந்தை பிறந்த வாரத்தில் உறவினர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: யார் பக்கத்துக் குறை? 1959-இல் ழெரோம் லெஜனும் உடனுழைத்தவர்களும் வெளியிட்ட கண்டுபிடிப்பு, இருபத்தோராம் குரோமோசோம் மூன்றாக இருப்பதே காரணம் என்று காட்டியது. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் செல் பிரியும்போது நேரும் அந்தப் பிசகை யாரும் செய்வதில்லை. சில குடும்பங்களில் குரோமோசோம் இடமாற்றம் தந்தை வழியாகவும் வரலாம். மருத்துவர் வயதைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியம் வீட்டுக்கு வரும்போது பழியாக மாறிவிடுகிறது. அந்தப் பழியைத் தன் அம்மா, அக்கா, பெரியப்பா முன்னால் நிறுத்த வல்லவர் கணவர் ஒருவரே. அன்று அவர் வாய் திறந்தாரா என்பதைத் தந்தையின் பங்கேற்புக்கு முதல் அளவாக வைக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

மொழி பற்றியும் ஒன்று. தங்கவயலில் வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம் அல்லது ஆங்கிலம், கடைத்தெருவில் தெலுங்கும் கலந்து வரும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையிடம் ஒரே மொழியில் பேசுங்கள் என்ற அறிவுரை பரவலாகச் சொல்லப்படுகிறது. கே-ரெய்னிங் பேர்ட் குழுவினரின் 2005 ஆய்வில், இருமொழிச் சூழலில் வளர்ந்த டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் ஒருமொழிப் பிள்ளைகளைவிடப் பின்தங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கைப்பிடித்துப் பங்காருபேட்டைப் பானிபூரிக் கடைக்கு அழைத்துப் போய், அதன் வாயாலேயே கன்னடத்தில் கேட்டு வாங்கச் செய்யும் அப்பா நல்ல பயிற்சிதான் தருகிறார்.

தந்தையின் பங்கு குழந்தைப் பருவத்தோடு முடிவதாக எண்ணுவது ஆய்வுலகின் மற்றொரு பிழை. மேலைநாடுகளில் 1980-களின் தொடக்கத்தில் 25 வயதளவில் இருந்த சராசரி ஆயுள் இன்று 60-ஐத் தொடுகிறது. பெற்றோருக்குப் பின்னும் பிள்ளை வாழும் காலம் இது. ‘எங்களுக்கப்புறம் யாரு?’ என்ற கவலையை உணர்ந்து காலத்தோடு செயல்பட்ட தந்தை ஒருவரை வரலாறு காட்டுகிறது. பிரெஞ்சுத் தலைவர் சார்ல் தெ கோல், டவுன் சிண்ட்ரோம் உள்ள தம் மகள் ஆன் 1928-இல் பிறந்தது முதல் அவரை வீட்டிலேயே வைத்து வளர்த்தார். 1945-இல், மகள் உயிரோடிருந்தபோதே, அறிவுசார் குறைபாடுள்ள இளம்பெண்களுக்காக மகளின் பெயரில் கணவனும் மனைவியும் ஓர் அறக்கட்டளை நிறுவினார்கள். ஆன் 1948-இல் இறந்தார், அறக்கட்டளை தொடர்ந்தது.

இங்குள்ள அப்பாவிடம் அறக்கட்டளை நிறுவப் பணமில்லை, காகிதங்கள் உண்டு. பிள்ளைக்கு 18 வயதானதும் பெற்றோரின் இயல்பான காப்பாளர் நிலை முடிந்துவிடுகிறது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் நியமனம் கோரலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ அந்த நபரோடு கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறையைச் சொல்கிறது. பி.எஃப். பிடித்தமுள்ள வேலையில் இருப்பவரின் பிள்ளை முழுமையாகவும் நிரந்தரமாகவும் இயலாமை உடையவர் எனச் சான்று பெற்றிருந்தால், 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் தந்தைக்குப் பின் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் ஓய்வூதியம் உண்டு. சான்றிதழ் வாங்க ஒரு நாள், கோலார் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நாள் என ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி. விண்ணப்பம் கன்னடத்தில், அப்பா படித்ததோ தமிழில்.

சட்டமே தந்தையை எங்கே வைத்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மத்திய அரசுப் பெண் ஊழியருக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள் வரை உண்டு. ஆண்களுக்கு அது நீட்டிக்கப்பட்டபோதும் தனித் தந்தையருக்கு மட்டுமே கிடைத்தது. மனைவி உயிரோடும் உடனும் இருந்தால் பராமரிப்பு அவளுடையது என்பது இதன் உட்கிடை. அரசு ஊழியருக்கே இந்த நிலை என்றால், விடுப்பு என்ற சொல்லே இல்லாத ஒப்பந்தத் தொழிலாளியின் மனைவி இரட்டைச் சுமை தூக்குவதில் வியப்பில்லை.

ஆகவே பயிற்சி மையங்கள் செவ்வாய் காலை பதினொரு மணிக்குத் தாயை அழைத்து, ‘அப்பா வரமாட்டாரா?’ என்று கேட்பதை விட வேண்டும். பங்காருபேட்டை நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில், ஞாயிறு பிற்பகலில், தமிழிலும் கன்னடத்திலும் பேசத் தெரிந்த ஒருவர் காப்பாளர் மனுவையும் சான்றிதழ் படிவத்தையும் வைத்துக்கொண்டு உட்காரட்டும். எத்தனை அப்பாக்கள் பிள்ளையோடு வருகிறார்கள் என்று அங்கிருந்து எண்ணத் தொடங்கலாம்.