ஒளியிழை வளைவிழப்பும் ஸ்பிளிட்டர் விகிதமும்

அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒரு ஸ்பிளிட்டருக்கு 32 வீடுகளை இணைப்பது ஆகாது, 16 வீடுகளோடு நிறுத்திக்கொள்வதே க்ஷேமம் என்ற அபிப்பிராயம் ஜிபான் வலையமைப்பைப் பற்றிய எழுத்துக்களில் நிலைபெற்றுவிட்டது. அதை ஏற்றால் 32 வீடுகள் கொண்ட கட்டடத்துக்கு நிலையத்தில் ஒரு போர்ட்டுக்கு இரண்டு போர்ட்டும், அங்கிருந்து வரும் வழியெல்லாம் ஓரிழைக்கு ஈரிழையும் செலவாகும். இச்செலவுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, ஐ.டி.யூ. 2006-ல் முதன்முதலாக அங்கீகரித்த ஜி.657 பிரமாணத்தின் வளைவிழப்பு அட்டவணை. அவ்வட்டவணை சரியாக வாசிக்கப்படவில்லை என்பது என் துணிபு.

அட்டவணை விதிப்பது இவ்வளவே: ஏ2 வகை இழையை 7.5 மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால், இழப்பு 1550 நானோமீட்டரில் 0.5 டெசிபலையும், 1625-ல் 1.0 டெசிபலையும் தாண்டலாகாது. முன்னோர் இந்த 0.5 டெசிபலை அப்படியே எடுத்து, கேபிள் ஷாஃப்டிலிருந்து வராந்தாவுக்குத் திரும்பும் இடம், கதவுச் சட்டத்தின் மேல்மூலை, சுவர்ப் பெட்டியின் உட்புறம் என மூலைக்கு ஒன்றாக எண்ணி, பன்னிரண்டு மூலைக்கு 6 டெசிபல் என்று பற்றெழுதினர். 32 பிரிவு ஸ்பிளிட்டருக்கு 17, ஐந்து கிலோமீட்டர் இழைக்கு 1.75, கனெக்டர்களுக்கு 2, ஒட்டுக்களுக்கு 1, எதிர்காலத் தேய்மானத்துக்கு 3 என்று மற்றவற்றையும் கூட்டினால் 30.75 ஆகிறது, பி+ வகுப்பு அனுமதிப்பதோ 28. ஆகவே 16 பிரிவு என்பது அவர்கள் தீர்ப்பு. கூட்டலில் பிழையில்லை.

பிழை, கூட்டப்பட்ட பொருளில் இருக்கிறது. சுவர் மூலையில் திரும்பும் இழை சுற்றுவது கால் சுற்றேயன்றி முழுச் சுற்றன்று. இழப்பு வளைந்த நீளத்தைப் பெரும்பாலும் பின்தொடர்வதால், மூலைக்கு 0.125 டெசிபலே நியாயமாகும். இரண்டாவதாக, ஜிபான் கீழ்நோக்கி 1490-லும் மேல்நோக்கி 1310-லும் இயங்குகிறது. அலைநீளம் குறையக் குறைய ஒளி இழையின் மையத்தோடு இறுகி நின்று வளைவில் குறைவாகவே கசியுமாதலால், 1550-க்கு விதித்த எண் இங்கே கடன்வாங்கிய எண்ணே. மூன்றாவதாக, அது தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் இழைக்கு வகுத்த உச்சவரம்பு, எதிர்பார்க்கத்தக்க சராசரியன்று. பின்னிரண்டையும் நான் கணக்கில் சேர்க்காமல், கால் சுற்றை மட்டும் கொண்டு பன்னிரண்டு மூலைக்கு 1.5 என வைத்தாலே, தேய்மானத்துக்கு ஒதுக்கிய 3 உட்பட மொத்தம் 26.25-ல் அடங்கிவிடுகிறது.

வளைவு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் தனி இழப்பு உண்டு, ஆகவே கால் சுற்றின் இழப்பு சரியாகக் காற்பங்காக இராது என்பார் கூற்றில் உண்மையுண்டு. அதற்காக மூலையிழப்பை இரட்டித்துக்கொண்டாலும் மொத்தம் 27.75, வரம்பு மீறவில்லை. இழையை ஆணிக் கிளிப்பால் நசுக்கிவிட்டால் என்னாவது என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை; அது வேலைக்காரரின் கைப்பிழை, பவர் மீட்டரில் அன்றே தெரிந்துவிடும், அதற்காக ஒரு போர்ட்டை விலைகொடுத்து வாங்குவது விநோதமான சிக்கனம்.

கனமான ஆட்சேபம் எக்ஸ்ஜிஎஸ்-பான் பற்றியது. அதன் கீழ்நோக்கிய அலைநீளம் 1577 ஆதலின், என் இரண்டாவது நியாயம் அங்கே செல்லாது. 1625-க்குரிய கடுமையான எண்ணையே கொண்டு மூலைக்கு 0.25 என்று கணக்கிட்டால் மீண்டும் 27.75 வருகிறது; என்1 வகுப்பின் வரம்பு 29. இரட்டிப்பையும் இதையும் ஒருங்கே ஏற்றினால் மட்டுமே பழைய 30.75 திரும்பி வரும். அப்படி ஏற்றுவது மிகையென்றே கருதுகிறேன், வற்புறுத்துவோருக்கு 31 டெசிபல் தாங்கும் என்2 வகுப்பு இருக்கிறது.

ஸ்பிளிட்டரை மாடிதோறும் வைப்பதா, தரைத்தளத்தில் ஒன்றாக வைப்பதா என்பது வேறு வழக்கு. ஆயினும் 32 வீடுகளில் பத்து வீட்டார் மட்டுமே முதலில் சந்தா கட்டும் கட்டடத்தில், தரைத்தளத்து ஸ்பிளிட்டரின் மிச்ச போர்ட்டுகள் எந்த மாடிக்கும் உதவும் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அட்டவணையின் 1625 பத்திக்கு உரிய பயன் வேறிடத்தில் இருக்கிறது. வேலை முடிந்த இழையை ஓடிடிஆர் கருவியால் 1310-லும் 1625-லும் அளந்து, முன்னதில் தென்படாத இழப்பு பின்னதில் ஓரிடத்தில் எழுமானால், அங்கே யாரோ இழையை விதித்த ஆரத்துக்கும் உள்ளாக மடக்கியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அந்த மூலையை மட்டும் பிரித்துத் தளர்த்தினால் போதும்.