ஐந்து நிறங்களில் சிதறிய ஓய்வு



வேலை நேரம் நீள்வதால்தான் நம் ஓய்வு பறிபோகிறது என்று பெரும்பாலும் எண்ணுகிறோம். ஆனால் விடுமுறை நாள்கள் பெருகியபோதே குடும்பங்கள் ஓய்வை இழந்த வரலாறு ஒன்று உண்டு. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் சோவியத் நாட்டில் அது நிகழ்ந்தது.

1929 மே மாதம் யூரி லாரின் என்னும் பொருளாதார அறிஞர் சோவியத்துகளின் மாநாட்டில் ஒரு யோசனையை முன்வைத்தார். வாரந்தோறும் ஒரு நாள் இயந்திரங்கள் வீணே நின்றுவிடுகின்றன. ஆண்டு முழுவதும் அவை ஓடினால் உற்பத்தி பெருகும் என்பது அவர் கணக்கு. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் வேகத்தில் இருந்த அரசு அதனை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு இறுதிக்குள் 'இடைவிடா வாரம்' எனப்பட்ட ஐந்து நாள் வாரம் ஆலைகளில் நடைமுறைக்கு வரலாயிற்று.

தொழிலாளர் ஐந்து பிரிவினராக்கப்பட்டனர். மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு, ஊதா, பச்சை எனப் பிரிவுக்கு ஒரு நிறம். நான்கு நாள் உழைப்பு, ஐந்தாம் நாள் ஓய்வு. எந்த நாளிலும் ஐந்தில் நான்கு பங்கினர் வேலையில் இருப்பர். அனைவருக்கும் பொதுவான விடுமுறையோ ஆண்டுக்கு ஐந்தே நாள்கள்.

கணக்குப்படி இது தொழிலாளிக்கு இலாபமே. ஏழு நாளுக்கு ஒருமுறை கிடைத்த ஓய்வு இப்போது ஐந்து நாளுக்கு ஒருமுறை கிடைத்தது. ஆனால் கணவனுக்கு மஞ்சள், மனைவிக்குப் பச்சை என்றானபோது இருவரும் சேர்ந்து உண்ணும் ஒரு பகற்பொழுதும் இல்லாமற்போயிற்று. ஓய்வில் இருப்பவர் நண்பரைக் காணச் சென்றால் அவர் ஆலையில் இருப்பார். பிள்ளைகளோ பள்ளியில் இருப்பர். ஆளற்ற வீட்டில் கழியும் நாள் என்ன விடுமுறை என்று தொழிலாளர் செய்தித்தாள்களுக்கே எழுதி முறையிட்டனர்.

ஞாயிறும் மறைந்தது. மக்களின் சமய வழக்கத்தைத் தளர்த்துவதும் இம்மாற்றத்தின் நோக்கங்களுள் ஒன்று. ரஷ்ய மொழியில் ஞாயிற்றுக்கிழமையின் பெயருக்கே 'உயிர்த்தெழுதல்' என்று பொருள். கிராம மக்கள் பழைய வாரத்தை எளிதில் கைவிடவில்லை.

இயந்திரங்களுக்கும் நன்மை விளையவில்லை. செப்பனிட இடைவெளியின்றி ஓடியவை பழுதடைந்தன. ஒரே இயந்திரத்தைப் பலர் மாறி மாறி இயக்கியதால் அதற்குப் பொறுப்பேற்பார் இல்லை. 1931 ஜூனில் ஸ்டாலினே இக்குறையைச் சுட்டிப் பேசினார். அவ்வாண்டு டிசம்பரில் பொதுவான ஓய்வு நாளுடன் ஆறு நாள் வாரம் வந்தது. 1940 ஜூன் 26 ஆணையால் ஏழு நாள் வாரமும் ஞாயிறு ஓய்வும் திரும்பின. இரக்கத்தினால் அன்று, அதே ஆணை அன்றாட உழைப்பை எட்டு மணி நேரமாக உயர்த்தியது, அனுமதியின்றி வேலையை விட்டு விலகுவதையும் குற்றமாக்கியது.

அன்பானவர்களே, உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளையை மீண்டும் வாசியுங்கள். வீட்டுத் தலைவன், மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, வாசலில் உள்ள அந்நியன் ஆகிய அனைவருக்கும் அங்கே ஒரே நாள் குறிக்கப்படுகிறது. ஆளுக்கொரு நாளாக அது பங்கிடப்படவில்லை. எகிப்தில் செங்கல் கணக்குக்கு அடிமைப்பட்டிருந்தவர்களை மீட்ட தேவன், அவர்கள் ஒருவரோடொருவர் இளைப்பாற நாள் குறித்தார்.

இன்று நம் இல்லங்களில் நிறச்சீட்டு இல்லை. ஆயினும் தந்தைக்கு இரவுப்பணி, தாய்க்குப் பகற்பணி, பிள்ளைக்கு ஞாயிறு காலையில் தனிவகுப்பு என்றால் நாமே நிறம் பிரித்துக்கொண்டோம் அல்லவா? மருத்துவமனையிலும் பேருந்திலும் ஞாயிறன்று கடமையாற்றும் சகோதர சகோதரிகளைக் குறைகூற இதனை எழுதவில்லை. அவர்கள் உழைப்பால் நாம் வாழ்கிறோம். அவர்கள் வீடு திரும்பும் வேளையில் மற்றவர்கள் காத்திருந்து ஒன்றாய் உண்ணலாமே. நம் வீட்டிலும் கடையிலும் வேலை செய்வோரின் ஓய்வு நாள், அவர்கள் பிள்ளைகளும் வீட்டில் இருக்கும் நாளாக அமைகிறதா என்று இவ்வாரம் அவர்களிடமே கேளுங்கள்.

இளைப்பாறுதல் தரும் ஆண்டவர் நம் வீடுகளை ஒரே மேசையில் கூட்டிச் சேர்ப்பாராக. ஆமென்.