அழுகை ஓய்ந்தால்

வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களுமே மாணவர்களாகிய உங்கள் நினைவுக்கு வரக்கூடும். நான் இன்று கூற எடுத்துக்கொண்டதும் ஒரு போரின் வரலாறுதான். களம், மகாராஷ்டிர மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டம். பகை, பாக்டீரியா என்னும் நுண்கிருமி. அதன் இலக்கு, பிறந்து ஒரு மாதம் நிரம்பாத சிசு.

மருத்துவத் தம்பதியரான அபய் பங்கும் ராணி பங்கும் 1980களில் அம்மாவட்டத்தில் பணி தொடங்கினர். 1993 முதல் 1995 வரை 39 சிற்றூர்களில் எடுத்த கணக்கில், உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 62 குழந்தைகள் முதல் மாதத்திற்குள் மாண்டமை தெரியவந்தது. கிருமி உடலெங்கும் பரவுதல் அதற்கு ஒரு தலையாய காரணம்.

இந்நோயை அறிவது எளிதன்று. வளர்ந்தவர் நோவும் இடத்தைச் சொல்வர். சிசுவோ அழ மட்டுமே அறியும். நோய் முற்றினால் அவ்வழுகையும் ஓய்ந்துவிடும். காய்ச்சல் காண்பதும் உண்டு. மாறாக உடல் குளிர்ந்துபோவதும் உண்டு. இரத்தத்தைச் சோதிக்கும் ஆய்வுக்கூடமோ சிற்றூரில் இல்லை.

ஆகவே, அவ்வூர்ப் பெண்களுக்கே அவர்கள் பயிற்சி அளித்தனர். அப்பெண்கள் வீடுதோறும் சென்று சிசுவைக் கவனித்தனர். அழுகை நலிதல், பால் குடிப்பது குறைதல், கைகால் துவளுதல், உடல் சுடுதல் அல்லது குளிர்தல், தொப்புளிலோ தோலிலோ சீழ் வைத்தல், வாந்தியோ வயிற்று உப்புசமோ காணுதல், மூச்சு விடுகையில் மார்பு உள்வாங்குதல் போன்ற குறிகளுள் இரண்டு ஒருங்கே தோன்றினால் நோய் எனக் கொண்டனர். மருத்துவமனைக்குச் செல்லுமாறு முதலில் அறிவுறுத்தினர். பெற்றோர் இசையாவிடில், அவர்தம் ஒப்புதல் பெற்று ஜென்டாமைசின் ஊசியும் வாய்வழி மருந்தும் அளித்தனர்.

சில ஆண்டுகளே பள்ளியில் பயின்ற பெண்ணின் கையில் ஊசியைக் கொடுக்கலாமா? இக்கேள்வி நியாயமானதே என்று நான் கருதுகிறேன். விடை 1999இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. இந்நோயுற்ற நூறு சிசுக்களுள் ஏறத்தாழ 17 இறந்த நிலை மாறி, மூவருக்கும் குறைவாயிற்று. ஆயிரத்திற்கு 62 என்ற சாவு விகிதம் மூன்றாம் ஆண்டில் 25.5 ஆகத் தாழ்ந்தது. இவ்வேற்பாடு இல்லாத 47 ஊர்களிலோ அது குறையவேயில்லை.

மருத்துவமனைக்குச் செல்ல இயலாத சிசுக்களுக்கு அருகிலேயே ஊசி மருந்தளிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2015இல் தன் நெறிமுறையாக வெளியிட்டது. ஆயினும் மருத்துவமனையே முதல் வழி. உங்கள் இல்லத்துச் சிசு பால் மறுத்துத் துவண்டு கிடந்தால், “நன்றாக உறங்குகிறது” என்று எண்ணி வாளா இராதீர்கள். ஒரு நாழிகையும் தாழ்த்தாது மருத்துவரிடம் கொண்டுசெல்லுமாறு பெரியவர்களிடம் சொல்லுங்கள்.