உஸ்மான் சாலையும் மஞ்சள் நிறமிகளும்

பெருநாள் துணி வாங்கத் தியாகராய நகருக்குச் செல்லும் நம் குடும்பத்தார் உஸ்மான் சாலையை நன்கறிவர். அந்த உஸ்மான் யார் என்று கேட்டால்தான் பலரும் விழிப்பர். மர்ஹூம் சர் முகம்மது உஸ்மான் சாகிப் 1934ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்தவர். அப்பதவியைக் காட்டிலும் நிலைத்த பணியொன்றை அவர் முன்னரே ஆற்றியிருந்தார்.

1921இல் நீதிக்கட்சி அரசு நாட்டு மருத்துவ முறைகளை ஆராய ஒரு குழுவை அமைத்தது. தலைவர் உஸ்மான். செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாச மூர்த்தி, மேனாட்டு மருத்துவம் பயின்றவர், பிற்காலத்தில் அடையாறு நூலகத்தின் இயக்குநர். யூனானி ஹகீம்களும் சித்த வைத்தியர்களும் ஆயுர்வேதப் பண்டிதர்களும் உருதுவிலும் தமிழிலும் சமஸ்கிருதத்திலும் தம் சாட்சியங்களை எழுதி அனுப்பினர். 1923இல் அறிக்கை வெளிவந்தது. அதன் பயனாகச் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தோன்றிற்று. மூன்று முறைகளும் ஒரே கூரையின்கீழ் கற்பிக்கப்பட்டன.

இம்முறைகள் அறிவியலுக்கு ஒத்தவைதாமா என்பதே குழுவின் முன்னிருந்த பெருங்கேள்வி. ஒத்தவையே என்றது அறிக்கை. ஆனால் மூலிகைக்குள் இருக்கும் பொருள் யாது, அது உடலில் என்ன செய்கிறது என்பதை ஏட்டைப் புரட்டிச் சொல்லிவிட இயலாது. அதற்கு வேதியியல் வேண்டும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற டி. ஆர். சேஷாத்திரி, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்து திரும்பியவர். பருத்திப் பூவின் மஞ்சள் நிறமிகளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அந்நிறமிகள் சேர்ந்த இனத்துக்கு ஃபிளேவனாய்டுகள் என்று பெயர். மஞ்சளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பிரியாணிக்கு நாம் அரியும் வெங்காயத்தில் குவெர்செட்டின் உண்டு. தேநீரில் கேட்டச்சின்கள் உண்டு. இரத்தத்தில் கெட்ட கொழுப்பு மிகுவது ஒரு கேடு. அது ஆக்சிஜனால் சிதைந்து நாளச் சுவரில் படிவது மற்றொரு கேடு. சோதனைக் குழாயில் இந்த இரண்டாம் கேட்டை ஃபிளேவனாய்டுகள் தடுக்கின்றன. கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்துக் கல்லீரலைக் கெடுத்த எலிகளுக்கு இவை நிறைந்த மூலிகைச் சாறுகளை அளித்தபோது சேதம் குறைந்ததாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன.

எலி வேறு, மனிதர் வேறு. நாம் உண்ணும் ஃபிளேவனாய்டில் சிறு பகுதியே உருமாறாமல் இரத்தத்தை அடைகிறது. நெதர்லாந்தில் 805 முதியவர்களைக் கவனித்த ஆய்வு 1993இல் வெளிவந்தது. தேநீர், வெங்காயம், ஆப்பிள் வழியாக இவற்றை மிகுதியாகப் பெற்றோரிடையே இதயநோய் மரணம் குறைவு என்றது. காரணம் அந்நிறமிதான் என்று அவ்வாய்வு மட்டும் நிறுவிவிடாது. பச்சைத் தேயிலையால் கொழுப்பு சிறிதளவே குறைகிறது. இதை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிடுவோரை நினைத்தால் எனக்கு அச்சமாகவே இருக்கிறது.

உஸ்மான் சாகிப் 1940 முதல் 1942 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். அவரை அடுத்து அப்பதவிக்கு வந்தவர் ஏ. லட்சுமணசாமி முதலியார். முதலியாரின் பெயர் தாங்கிய அடிப்படை மருத்துவ ஆய்வு நிலையம் அடையாற்றை அடுத்த தரமணியில் இருக்கிறது. அங்கு எஸ். பி. தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் இணைந்து, நம் பாட்டிமார் காமாலைக்கு அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியைச் சோதித்தனர். கீழாநெல்லியில் ஃபிளேவனாய்டுகளோடு வேறு பல பொருள்களும் உண்டு. ஹெபடைட்டிஸ் பி கிருமியை உடலில் சுமந்திருந்தோருக்கு அதன் பொடியை 30 நாள் அளித்தனர். ஒப்பிடுவதற்காக வேறு சிலருக்கு மருந்தில்லாப் பொடி தரப்பட்டது. மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளம் மறைந்தது. மற்றோர் 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. 1988இல் லான்செட் இதழ் இதனை வெளியிட்டபோது உலகமே தரமணியைத் திரும்பிப் பார்த்தது.

ஈராண்டுக்குள் தாய்லாந்தில் அதே சோதனையைச் செய்து பார்த்தனர், பலன் கிட்டவில்லை. செடி விளைந்த மண்ணா, பறித்த பருவமா, நோயாளரின் வேறுபாடா என்று பல விளக்கங்கள் கூறப்பட்டன. 2011இல் எல்லாச் சோதனைகளையும் ஒருங்கே நிறுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுரை, இச்செடியை இந்நோய்க்குப் பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என்றும், மேலும் செம்மையான சோதனைகள் தேவை என்றும் எழுதிற்று.