மொழியாசிரியர் கல்வியும் எழுத்தறிவும்: ஒரு வரலாற்று நோக்கு

இந்தியாவில் பட்டதாரி ஆசிரியர்க்கான பயிற்சிப் படிப்பின் வரலாறு பெரும்பாலும் கல்விக் குழுக்களின் அறிக்கைகளை வரிசைப்படுத்தியே எழுதப்பட்டு வந்துள்ளது. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் குழு, 1904ஆம் ஆண்டின் கர்சன் காலத் தீர்மானம், 1917-19ஆம் ஆண்டுகளின் சாட்லர் குழு, 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி குழு என அவ்வரிசை நீளும். மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இவ்வரலாற்றிடம் கேட்கவேண்டிய வினா இதனின் வேறானது. ஒரு குழந்தை முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்பது எவ்வாறு என்னும் அறிவு, இப்படிப்புகளில் எவ்விடத்தில் வைக்கப்பட்டிருந்தது? இவ்வினாவைச் சென்னை மாகாணத்தையும் அதன் பின்வந்த தென்மாநிலங்களையும் முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டாம்பிள்ளையும் எல்.டி. பட்டமும்

ஆசிரியப் பயிற்சி பற்றிய ஐரோப்பிய வரலாறே சென்னையைத் தொடாமல் எழுத இயலாதது. 1789இல் எழும்பூர் ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதியின் மேற்பார்வையை ஏற்ற ஆண்ட்ரூ பெல், ஒரு 'மலபார்' பள்ளியில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அம்முறையைத் தம் விடுதியிற் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அமைத்து, அதுபற்றி 1797இல் இலண்டனில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அக்கால ஆங்கிலேயர் 'மலபார்' என்றது பெரும்பாலும் தமிழரையும் தமிழையுமே என்பதை மொழிபெயர்ப்பாளர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அதனைக் கேரளம் எனப் பெயர்த்தால் பெல் கண்ட மணலே இடம் மாறிவிடும். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என வழங்கிய ஏற்பாடு பெல்லின் நூல்வழி 'மெட்ராஸ் முறை' என்னும் பெயர்பெற்று ஐரோப்பாவிற் பரவியது. அது தன் ஊருக்குத் திரும்பி வந்தபோது ஆங்கிலப் பாடத்திட்டம் ஒன்றின் பகுதியாகவே வந்தது.

1856இல் சென்னையில் அரசு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னர்ச் சைதாப்பேட்டைக் கல்லூரியாக வளர்ந்தது இதுவே. 1886இல் சென்னைப் பல்கலைக்கழகம் எல்.டி. பட்டத் தேர்வை ஏற்படுத்தியது. கல்விக் கொள்கை, கல்வி வரலாறு, கற்பிக்கும் முறை, பள்ளி நிருவாகம் ஆகியவற்றோடு செய்முறைக் கற்பித்தலும் அதில் அடங்கின. பட்டம் பெற்றவரே இதிற் சேரலாம். பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில். ஆகவே எல்.டி. பெற்றவர் இயல்பாகவே உயர்நிலைப்பள்ளியில் ஆங்கில வாயிலாகக் கற்பிப்பவர் ஆனார்.

தமிழ் கற்பித்தவர் நிலை வேறு. உ. வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தபோது அவரிடம் எந்தப் பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டதே அவரது தகுதி. பின்னர் 1901இல் தோன்றிய மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதத் தேர்வுகளும், பல்கலைக்கழகத்தின் வித்துவான் தேர்வும் பாடங்கேட்டலைத் தேர்வுமுறைக்குள் கொண்டுவந்தன. இத்தேர்வுகள் இலக்கண இலக்கியப் புலமையைச் சோதித்தனவேயன்றி, அப்புலமையை வகுப்பிற் கொண்டுசெல்லும் முறையைச் சோதித்தவை அல்ல. பண்டிதர் பயிற்சி என்பது பின்னாளில் தனியே ஒட்டவைக்கப்பட்டது. ஒரே பள்ளியில், ஒரே மணியோசைக்கு வகுப்பிற்குச் சென்ற இருவருள் ஒருவர் முறை கற்றவர், மற்றவர் மொழி கற்றவர். ஊதியத்திலும் மதிப்பிலும் இருந்த வேற்றுமை பண்டிதர் தலைமுறைகளின் நெடுங்காலக் குறையாக இருந்தது. ஆயினும் அவ்வேற்றுமையினும் இவ்வறிவுப் பிரிவினையே ஆழ்ந்த தீங்கு எனக் கருதத் தோன்றுகிறது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. பண்டிதர் பயின்ற நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியன் இயல்பு, பாடஞ்சொல்லும் இயல்பு, மாணாக்கன் இயல்பு, பாடங்கேட்கும் இயல்பு என நான்கையும் வகுத்துரைக்கிறது. கற்பித்தல் பற்றிய இத்தகைய பகுதி தம் கையிலிருந்தும் அதனை நூலின் பாயிரமாகவே பண்டிதர் படித்தனர், எல்.டி. மாணவரோ பெஸ்டலாசியையும் ஃப்ரோபலையும் படித்தனர். இருவர் நூல்களையும் அருகருகே வைத்த பாடத்திட்டம் நெடுநாள் தோன்றவில்லை.

பனிப்பந்து

விடுதலைக்குப் பின் மொழியாசிரியர்க்கெனத் தனி மேற்படிப்பு அமைந்தது முதலில் ஆங்கிலத்திற்கே. 1958இல் ஐதராபாத்தில் மைய ஆங்கில நிறுவனம் நிறுவப்பட்டது, வி. கே. கோகக் அதன் முதல் இயக்குநர். 1963இல் பெங்களூரில் தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம் எழுந்தது. ஒலியியல், இலக்கண விளக்கம், பாடநூல் ஆக்கம், தேர்வு முறை ஆகியவற்றைக் கற்பித்தலோடு இணைத்துப் பயிலும் பட்டயமும் ஆய்வுப் பட்டமும் ஆங்கில ஆசிரியர்க்குக் கிடைத்தன. ஐதராபாத் நிறுவனம் 2007இல் மையப் பல்கலைக்கழகமாயிற்று.

இவ்வறிவைத் தொடக்கப்பள்ளிவரை கொண்டுசெல்ல முயன்றதே சென்னை மாநிலத்தில் 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த ஆங்கிலப் பயிற்சி இயக்கமாகும். தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பித்த 27,000 ஆசிரியர்க்கு மறுபயிற்சி அளிக்கும் இம்முயற்சியை 1962இல் டி. ஏ. ஸ்மித் எழுதிய கட்டுரை 'சென்னைப் பனிப்பந்து' என வருணித்தது. பனியே காணாத ஊர்க்கு இப்பெயர் எங்கிருந்து வந்தது என்பது வெளிப்படை. சிறு குழு ஒன்று பயிற்றுநர்க்குக் கற்பிக்கும். அவர்கள் ஊருக்கு ஊர் மையம் அமைத்து ஆசிரியர்க்குக் கற்பிப்பர். உருள உருளப் பந்து பெருக்கும் என்பது கருத்து. உருண்டது அமைப்பு நெறி. அதாவது வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து அருமைக்குப் படிப்படியாக வரிசைப்படுத்தி, வாய்மொழிப் பயிற்சியால் பதியவைக்கும் முறை.

இவ்வடிவம் இன்றும் நம்மிடையே வழங்குவதால் சற்று நின்று நோக்குதல் தகும். அடுக்குப் பயிற்சியில் ஒவ்வொரு படியிலும் முறையின் செயற்பாடு சென்றுசேரும். அதன் காரணம் தேய்ந்துபோகும். இந்த வாக்கிய அமைப்பு ஏன் முன்னும் அது ஏன் பின்னும் வரவேண்டும் என்பதை முதற்படியில் இருந்தவர் அறிவார். கடைசிப் படியில் இருந்தவர்க்குக் கிடைத்தது வரிசை மட்டுமே. காரணம் அறியாதவர் அம்முறையை விளக்கலாம், பின்பற்றலாம். தம் வகுப்பிற்கேற்ப மாற்ற இயலாது. பட்டமேற்படிப்பு தரவேண்டுவது இந்த மாற்றும் ஆற்றலையே.

சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை கருநாடக, தமிழகப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய கருத்தாடல்வழிக் கற்பித்தல் திட்டம் அமைப்பு நெறியின் போதாமையை எதிர்த்தே எழுந்தது. இலக்கண வரிசை நீக்கப்பட்டு, கால அட்டவணை படித்தல், வரைபடம் நோக்கி வழி கூறல் போன்ற செயல்கள் பாடமாயின. உலகெங்கும் செயல்வழி மொழிக் கற்பித்தல் பற்றிப் பேசுவோர் இன்றும் இதனைத் தொடக்கங்களுள் ஒன்றாகக் கொள்கின்றனர். 1985இல் பெரெட்டாவும் டேவிசும் வெளியிட்ட மதிப்பீடு ஓரளவு சாதகமாகவே அமைந்தது. எனினும் பயிற்சி நிறுவனங்களிலிருந்து வந்து கற்பித்தோர் இம்முறையைக் கையாண்ட அளவிற்கு, அவ்வப்பள்ளியின் வழக்கமான ஆசிரியர் கையாளவில்லை என்பது பெரெட்டாவின் பின்னைய ஆய்வில் வெளிப்பட்டது. பனிப்பந்தின் சிக்கல் வேறு உருவில் மீண்டும் தலைகாட்டியதாகவே இதனைக் கொள்ளலாம்.

மைசூர்

இந்திய மொழிகளுக்கு இணையான ஏற்பாடு காலந்தாழ்ந்து வந்தது. 1950களின் நடுவில் தக்காணக் கல்லூரி ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் உதவியோடு நடத்திய மொழியியற் பள்ளிகளும், 1963இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அமைந்த உயராய்வு மையமும் மொழியியலாரை உருவாக்கின. அவர்தம் நோக்கு மொழி விளக்கத்திலேயே நின்றது. கிளைமொழிகளும் பழங்குடி மொழிகளும் விளக்கம் பெற்றன. வகுப்பறை அவர்களது களமாகவில்லை.

1969 ஜூலை 17 அன்று மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தொடங்கப்பட்டது, தே. பி. பட்டநாயக் அதன் முதல் இயக்குநர். அடுத்து மைசூர், புனே, புவனேசுவரம், பட்டியாலா ஆகிய நான்கிடங்களில் மண்டல மொழி மையங்கள் எழுந்தன. மும்மொழித் திட்டத்தின்படி வேற்றுமாநில மொழி கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்குதல் இவற்றின் நோக்கம். பணியிலுள்ள ஆசிரியர்கள் தம் மாநில அரசால் அனுப்பப்பட்டுப் பத்துமாதம் தங்கிப் பயின்றனர். மைசூர் மையத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கும் கற்பிக்கப்பட்டன. தமிழ்நாடு 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கையை மேற்கொண்டமையால், இம்மையங்களில் தமிழின் பங்கு பெரிதும் பிறர் கற்கும் மொழி என்ற அளவிலேயே அமைந்தது. வடமாநிலங்கள் பலவற்றில் மூன்றாம் மொழியின் இடத்தைச் சமஸ்கிருதம் பெற்றதனால், தென்மொழி கற்றுத் திரும்பியவர்க்கு வகுப்பு அமைவது எளிதாயில்லை.

அரசியல் நோக்கில் இதனைக் குறைப்பயன் எனக் கூறுவோர் உளர். ஆசிரியர் கல்வி நோக்கில் முடிவு அவ்வளவு எளிதன்று. பல்லாண்டு பணியாற்றிய ஒரு பட்டதாரி ஆசிரியர், தேவநாகரியை விடுத்துத் தமிழ் எழுத்தின் முன் அமர்கிறார். கொம்பு எழுத்தின் முன்னே நிற்க, ஒலியோ பின்னே வருவதைக் கண்டு திகைக்கிறார். 'க' என்னும் ஓரெழுத்து இடத்திற்கேற்ப வேறுவேறாக ஒலிப்பதைக் கேட்கிறார். எழுத்தறியாத குழந்தையின் நிலையை அவர் தம் உடலாலேயே மீண்டும் உணர்கிறார். எம்.எட். பாடத்திட்டம் எதிலும் இத்தகைய பயிற்சி இல்லை. இவ்வனுபவத்தைத் தாய்மொழி ஆசிரியர் கல்விக்குப் பயன்கொள்ளும் வழி அன்றே தேடப்பட்டிருக்கலாம் என்பது எம் கருத்து.

எழுத்து என்னும் சொல்

தமிழ் இலக்கண மரபில் 'எழுத்து' ஒலியையும் வரிவடிவத்தையும் ஒருங்கே குறிக்கும். 'படித்தல்' வாசித்தலையும் கல்வி பயில்தலையும் குறிக்கும். எனவே ஆங்கில நூல்களிலிருந்து தொடக்க வாசிப்பு பற்றிய கருத்துகளைப் பெயர்ப்போர்க்கு இடர்ப்பாடு மிகுதி. ஒலியன் உணர்வு, எழுத்துப் பெயர் அறிவு, எழுத்தை இனங்காணல் என அங்குத் தனித்தனியே நிற்பவை இங்கு 'எழுத்தறிவு' என்னும் ஒரு சொல்லுள் ஒடுங்கிவிடுகின்றன. சொல் ஒன்றானதால் பொருளும் ஒன்றெனக் கொள்ளும் பாடநூல்கள் பல.

மாறுபாடு சொல்லில் மட்டுமன்று. ஆங்கிலக் குழந்தை கற்க வேண்டிய எழுத்து 26. தமிழ்க் குழந்தைக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 எனக் கணக்கு 247. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, னா, றா போன்ற வடிவங்களை ஒழுங்குபடுத்திச் சுமையைச் சிறிது குறைத்தது. கன்னடக் குழந்தைகளின் தொடக்க வாசிப்பைப் பற்றிச் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துகளைக் கற்றல் முதல் வகுப்போடு முடிவதன்று, நான்காம் வகுப்புவரை தொடர்வது எனக் காட்டியது. 2011 முதல் 2016 வரை கருநாடகத்தின் யாத்கிரிலும் மகாராட்டிரத்தின் வாடாவிலும் நடந்த நெடுங்கால ஆய்வு, கன்னடம், மராத்தி இரண்டிலும் குழந்தைகள் வாசிக்கக் கற்கும் முறையைத் தொடர்ந்து நோக்கியது. ஆங்கில வாசிப்புக் கொள்கையை அப்படியே எடுத்துக் கொள்ளல் பொருந்தாது என்பதற்கு இத்தகைய ஆய்வுகளே சான்று. இவை எல்.டி. தோன்றி நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தன.

முதியோர் கல்வியிலும் நிலை ஒத்ததே. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் தமிழகத்தில் அறிவொளி இயக்கம் பரவியது. புதுக்கோட்டையில் மிதிவண்டி கற்ற பெண்களை நாடறியும். கற்பித்தோர் தொண்டர்கள்; பயிற்சி சில நாட்களே. அவர்கள் பட்டறிவு எந்தக் கல்வியியல் துறையிலும் பாடமாகச் சேமிக்கப்படவில்லை. அவ்வியக்கத்தைக் களத்திலிருந்து விரித்தாய்ந்த நூல்களுள் குறிப்பிடத்தக்க ஒன்று, மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி எழுதி 2013இல் கார்னெல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது.

மாற்றத்திற்கான முயற்சிகள் இல்லாமலில்லை. 1994இல் தில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கிய நான்காண்டுத் தொடக்கக் கல்விப் பட்டப்படிப்பில் மொழி ஈட்டலும், எல்லாப் பாடங்களிலும் மொழியின் இடமும் பாடங்களாயின. 2014ஆம் ஆண்டின் நெறிமுறைகளால் பி.எட். இரண்டாண்டாயிற்று. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்சநீதிமன்றம், பி.எட். பெற்றவர் தொடக்க வகுப்புகளில் ஆசிரியராகும் தகுதியுடையவர் அல்லர் எனத் தீர்ப்பளித்தது. அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயமே உரியது என்றது. சிறுகுழந்தைக்குக் கற்பித்தல் தனித்ததொரு கல்வி என்பதனை இத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. அப்பட்டய வகுப்புகளை நடத்தும் மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் தமிழ் கற்பிக்கும் விரிவுரையாளர்க்குக் கேட்கப்படும் தகுதி முதுகலைத் தமிழும் எம்.எட்.டும். முன்னதில் சங்க இலக்கியமும் இலக்கணமும் உண்டு, பின்னதில் கல்வி உளவியலும் தத்துவமும் உண்டு. ஆறு வயதுக் குழந்தை 'கொ' என்பதை எவ்வாறு படிக்கக் கற்கிறது என்பதைப் பட்டமேற்படிப்பு நிலையில் கற்பிக்கும் பொறுப்பு இவ்விரு துறைகளுள் எதனைச் சார்ந்தது என்பது பாடத்திட்டக் குழுக்களின் முன் இன்னும் வைக்கப்பட வேண்டிய வினாவாகவே உள்ளது.